கணக்குப் பெண் தானே சாஃப்ட்வேர் செய்துவிடாமல் தடுப்பது எப்படி?

நோய் முற்றிய பிறகு வைத்தியம் பார்ப்பது சிரமம். அறிகுறிகளை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பனியன் கம்பெனியில் டீசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போடும் பெண், மத்தியானம் டப்பாவைக் கழுவி வைத்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். மற்றவர்களோடு அரட்டைக்குப் போவதில்லை. அவர் திரையில் சில கட்டங்கள் சிவப்பாகவும் சில பச்சையாகவும் தெரிகின்றன. சாயப்பட்டறைக்குப் போன துணி எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கேட்டால் முன்பெல்லாம் மூன்று நோட்டுகளைப் புரட்டுவார். இப்போது இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொல்லிவிடுகிறார். கடைசியில் ஒருநாள் உங்கள் அறை வாசலில் நின்று, "ஜாப் ஒர்க் கணக்குக்கு நானே எக்செல்ல ஒண்ணு பண்ணியிருக்கேனுங்கண்ணா, ஒருக்கா பாக்கறீங்களா?" என்கிறார்.

இதற்குமேல் தாமதிக்கக் கூடாது. இன்றைக்கு எக்செல், நாளைக்கு ஆப், அடுத்த வருஷம் "இந்த ரேட்டை ஏன் இப்படிப் போட்டீங்க?" என்று உங்களையே கேட்பார். திருப்பூரில் அறுபது, எழுபது பேரை வைத்து வேலை வாங்கும் நடுத்தர முதலாளிகளை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்களும் சிவகாசி அச்சகக்காரர்களும் தங்கள் தொழிலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். (மாற்றிக்கொள்வது முதலாளிகளுக்கு மட்டும் உரிய உரிமை என்பதை நினைவில் வையுங்கள்.)

அவர் வாசலில் நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். காரணம் சொல்ல வேண்டிவரும். "செரி கண்ணு, பாக்கறேன்" என்று சொல்லுங்கள். பிறகு பார்க்காதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தாலேயே பாதி கேஸ் குணமாகிவிடும்.

மீதிப் பாதிக்குப் பெரிய சாஃப்ட்வேர் ஒன்றை வாங்க வேண்டும். இரண்டு பேர் லேப்டாப்போடு வந்து டெமோ காட்டுவார்கள். டெமோவில் ஒரு கற்பனைக் கம்பெனி இருக்கும். அது பேனா விற்கும். பத்து பேனா வாங்கும், நாலு விற்கும், ஸ்டாக்கில் ஆறு நிற்கும். பார்க்கப் பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும்.

உங்கள் தொழில் அப்படி இல்லை என்று உங்களுக்கே தெரியும். நூல் கிலோவில் வருகிறது. நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, ரோல் எண்ணிக்கையோடு மறுபடியும் கிலோவில் திரும்புகிறது. சாயப்பட்டறைக்கு நூறு கிலோ போனால் நூறு கிலோ திரும்புவதில்லை. எவ்வளவு குறையலாம் என்பது துணியையும் நிறத்தையும் பட்டறையையும் பொறுத்தது. கட்டிங் மேசைக்கு வந்ததும் கிலோ போய் பீஸ் கணக்கு ஆரம்பிக்கிறது. அந்தப் பீஸில் கொஞ்சம் பிரிண்டிங்குக்கு, கொஞ்சம் எம்பிராய்டரிக்கு, மிச்சம் நேரே தையலுக்கு, அதாவது பவர்டேபிளுக்கு. செக்கிங்கில் ஒதுங்கியது தைத்தவர் தப்பா, துணியிலேயே ஓட்டையா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதன் தீர்ப்புப்படி சனிக்கிழமைக் கூலி. இந்த ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு டீசி. போதாததற்கு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பவோ அங்கிருந்தே விற்கப்படவோ வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய தேதியிலேயே நீங்கள் விற்றதாக எடுத்துக்கொள்வோம் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு. ஆகவே எந்த டீசிக்கு எந்த வரவு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தியாக வேண்டும். பேனாக் கம்பெனிக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

டெமோ நடக்கும்போது அந்தப் பெண் அறையில் இருக்கக் கூடாது. பேங்குக்கு அனுப்புங்கள், கூரியருக்கு அனுப்புங்கள், எங்காவது அனுப்புங்கள். இருந்தால், "ஏனுங்க சார், நூறு கிலோ போயி தொண்ணூத்தஞ்சு கிலோ வந்தா அதை எங்க போடறதுங்க?" என்று கேட்பார். லேப்டாப்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "அது கஸ்டமைசேஷன்ல பண்ணிக்கலாம் மேடம்" என்பார்கள். கஸ்டமைசேஷன் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிப் பில். அதை அவர் அங்கேயே கேட்டுவிட்டால், நீங்கள் கையெழுத்துப் போடும் சந்தோஷம் கெட்டுவிடும்.

வாங்கியபின் நடப்பது தானாக நடக்கும். சாஃப்ட்வேர் ஏற்காத ஐந்து கிலோவை ஏற்கவைக்க, "டேமேஜ்" என்ற தலைப்பில் ஒரு பொய் என்ட்ரி போட ஆபீஸில் கற்றுக்கொள்வார்கள். உண்மைக் கணக்கு பழையபடி நோட்டுக்குப் போய்விடும். நோட்டில் ஒரு கணக்கு, கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு, ஆடிட்டரிடம் ஒரு கணக்கு. எது கேட்டாலும் எடுத்துக்கொடுக்க மூன்று இருக்கும்.

இங்கே சரித்திரம் உங்களுக்கு ஆறுதல் தரும். கணக்குத் தெரிந்தவரே கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கலாம் என்ற ஆசை புதிதல்ல. அது நிறைவேறாமல் பார்த்துக்கொண்டவர்களும் புதியவர்கள் அல்ல. 1959-60இல் கோபால் என்ற கணினி மொழியை வடித்தபோது, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த மேனேஜர்கூட வாசித்துப் புரிந்துகொள்ளலாம் என்றார்கள். மேனேஜர்கள் வாசிக்கவில்லை, அதைப் படிக்கவென்றே தனியாக ஒரு கூட்டம் வேலைக்கு வந்தது. 1981இல் இங்கிலாந்தில் ஒரு சாஃப்ட்வேர் வெளியானது. கேள்வி கேட்கும், பதில் சொன்னால் புரோகிராமை அதுவே எழுதிவிடும், இனி யாரும் புரோகிராம் எழுதவே வேண்டாம் என்ற நம்பிக்கையில் அதற்கு 'தி லாஸ்ட் ஒன்', அதாவது 'கடைசி ஒன்று' என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனை புரோகிராம் எழுதப்பட்டது என்று உங்கள் போனைத் திறந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் இடையில் ஒருவர் காரியத்தைக் கெடுத்துவிட்டார். டான் பிரிக்ளின் என்று பெயர். ஹார்வர்டில் வியாபாரப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர். கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிய கணக்கில் ஒரு எண்ணை மாற்றினால், அதைத் தொட்டு வரும் எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. எண்ணை மாற்றினால் மீதியெல்லாம் தானே மாறும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்று யோசித்து, பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து 1979இல் விசிகால்க் என்பதைக் கொண்டுவந்தார். 'நீ இப்போது புரோகிராம் எழுதுகிறாய்' என்று அது யாரிடமும் சொல்லவில்லை. கட்டத்தைக் காட்டியது; கணக்குப்பிள்ளைகள் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். லோட்டஸ், எக்செல் எல்லாம் அதன் வாரிசுகள். உங்கள் ஆபீஸ் பெண் இன்று "சூத்திரம் போட்டிருக்கேன்" என்று சொல்வது புரோகிராம் எழுதியதைத்தான். அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் சம்பளம் கேட்பார்.

இன்னொரு ரகசியத்தையும் மறைத்துவையுங்கள். நீங்கள் தினமும் திறக்கும் டேலி எங்கிருந்து வந்தது? ஜவுளி மில்களுக்கும் ஆலைகளுக்கும் மூலப்பொருளும் மெஷின் பாகங்களும் சப்ளை செய்துகொண்டிருந்த ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரிக்குத் தன் கணக்குக்குத் தோதான சாஃப்ட்வேர் கிடைக்கவில்லை. மகன் பாரத்தை உட்காரவைத்து எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் அப்படித் தொடங்கியதுதான் டேலி. மகனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தன் கடைக்குத் தானே செய்துகொள்வோம் என்று அந்த வியாபாரி அன்று நினைக்காமல் இருந்திருந்தால் இன்று நாமெல்லாம் நிம்மதியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்போம்.

விதி மாறும் நாட்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணி வெளியூர்ப் பட்டறைகளுக்குப் போக வேண்டிவந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஐந்து சதவீத வரி என்ற வரம்பு, பீஸ் ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறாக உயர்ந்தது. அதற்கு மேலே போனால் பதினெட்டு. சொந்தமாகச் செய்துகொண்டவர், வரம்பையும் வரியையும் தனியாக இரண்டு கட்டத்தில் எழுதிவைத்திருந்தால் டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அப்படி அவசரப்படக் கூடாது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் பண்ணுங்கள். டிக்கெட் நம்பர் தருவார்கள். அதை டைரியில் அழகாக எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த அப்டேட் வரும்வரை பில்லைக் கையால் போடுங்கள்.

இவ்வளவுக்கும் மீறி அவர் செய்தே முடித்துவிட்டார், எல்லோரும் பயன்படுத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் தடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. இனி அது தானே கவிழும்படி பார்த்துக்கொள்வதுதான் வழி. வீட்டிலேயே செய்த சாஃப்ட்வேருக்கு அதற்கான எல்லா வசதியும் உண்டு. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சைஸ் நெடுவரிசையைக் கவனியுங்கள். குழந்தைகள் பனியனுக்கு 2-4, 4-6, 6-8 என்று வயதை வைத்து சைஸ் போடுவது வழக்கம். எக்செல்லில் 2-4 என்று அடித்து என்டர் தட்டினால் அது சைஸாக நிற்காது, நம்மூர்த் தேதி முறை வைத்த கம்ப்யூட்டரில் ஏப்ரல் 2 ஆகிவிடும். 4-6 ஜூன் 4 ஆகும். திரையில் பார்ப்பவர் தேதி என்று நினைத்துத் திருத்துவார். உள்ளே அது ஐந்து இலக்க எண்ணாக மாறியிருக்கும். அந்த சைஸைத் தேடும் சூத்திரம் "இல்லை" என்று கைவிரிக்கும். நெடுவரிசை முழுவதையும் முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டால், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடித்தால், இந்த வியாதி வராது. அதை அவருக்கு யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காக அவரைக் கேலி செய்யவும் முடியாது என்பதுதான் வருத்தம். மரபணு விஞ்ஞானிகளே இதில் விழுந்தவர்கள். மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்த மரபணுக்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல், மரபணுக்களின் பெயரைத்தான் மாற்றினார்கள். தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023இல்.

அடுத்து பேங்க் அக்கவுண்ட் நம்பர். எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கம் வரைதான் நினைவில் வைத்திருக்கும். டெய்லரின் அக்கவுண்ட் நம்பர் பதினாறு இலக்கமாக இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், சத்தமே வராது. நம்பர் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். மஞ்சள் மண்டிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு: மஞ்சளின் எச்.எஸ்.என். கோடு 0910, அடித்துப் பாருங்கள், 910 என்று நிற்கும். சனிக்கிழமை மாலை கூலி யாருக்கோ போய், தைத்தவர் வந்து வாசலில் நின்றால், "அப்பவே சொன்னேன், இதெல்லாம் சரிப்படாது" என்று சொல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

ஃபைலை யாரும் தனியாகப் பிரதி எடுத்துவைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக வாட்ஸாப்பில் சுற்றுக்கு விடுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் அண்ணன் பார்த்தது' என்று நாலைந்து பெயரில் உலவட்டும். கட்டிங் மாஸ்டர் ஒன்றில் எழுதுவார், பேக்கிங் சூப்பர்வைசர் இன்னொன்றில் எழுதுவார். பாஸ்வேர்டு ஒரே ஆளிடம் இருக்கட்டும்; அவர் அக்கா கல்யாணத்துக்குப் போகும் வாரத்தில் ஷிப்மென்ட் வைத்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்கட்டும் என்று கட்டங்களை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதன்பின் வரிசைப்படுத்தவே முடியாது. "பணம் கொடுத்தாச்சுன்னா மஞ்சள் அடிச்சுரு" என்று சொல்லுங்கள். சாதாரண சூத்திரத்துக்கு நிறம் தெரியாது, ஆகவே மஞ்சள் எத்தனை என்று மாதக் கடைசியில் விரல்விட்டு எண்ண வேண்டிவரும். கொடுத்த தேதிக்குத் தனியாக ஒரு நெடுவரிசை வைத்திருந்தால் தொல்லையே இல்லை. வைக்கவிடாதீர்கள்.

யாராவது இதைப் படித்துவிட்டு "அப்ப எக்செல்லே ஆபத்துதானுங்களே?" என்று கேட்டால், 2020இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லி மிரட்டுங்கள். அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா முடிவுகளைப் பழைய வகை எக்செல் ஃபைலில் சேர்த்தது. அந்த வகை 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. 15,841 பேரின் முடிவுகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயின. அதைச் செய்தது டீசி போடும் பெண் அல்ல, நாட்டின் அரசுத் துறை என்ற விவரத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் உங்கள் பக்கம். கம்பெனிச் சட்டப்படி பதிவானவர்கள், 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளில், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தை அணைக்க முடியாதபடி வைத்திருக்கும் சாஃப்ட்வேரில்தான் கணக்குப் புத்தகத்தை எழுத வேண்டும். வெறும் எக்செல் அதற்கு ஆகாது. இந்த விதியை எடுத்து நீட்டினால் அவர் வாயடைத்துப் போவார். திருப்பூரில் பங்குதாரர் தொழிலையும் ஒற்றை ஆள் தொழிலையும்கூடக் கம்பெனி என்றுதான் சொல்கிறோம், ஆனால் விதி கட்டுப்படுத்துவது பிரைவேட் லிமிடெட் வகையறாவை; அதுவும் கணக்குப் புத்தகத்துக்குத்தான், துணி போய்வந்த கணக்குக்கு அல்ல. இந்த நுணுக்கத்தை அவர் ஆடிட்டரிடம் கேட்காமல் இருக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. வாயால் சொன்னால் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் ஏ.ஐ. வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரேய் கார்பதி என்ற நிபுணர் இதற்கு 'வைப் கோடிங்' என்று பெயரும் வைத்துவிட்டார். எழுதியது என்ன என்றே பார்க்காமல், ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போவது. தமிழில் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறது. இதை அந்தப் பெண் தொடுவதற்கு முன்னால் நீங்களே உட்கார்ந்துவிடுங்கள், முதலாளி தானே செய்துவிட்டார் என்ற பெயரும் கிடைக்கும்.

"ஜாப் ஒர்க் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்" என்று சொல்வீர்கள். சாயப்பட்டறையில் எடை குறைந்தால் எவ்வளவு வரை ஏற்கலாம் என்று அது கேட்கும். நிறத்துக்கு நிறம் மாறும் என்பீர்கள். எந்த நிறத்துக்கு எவ்வளவு என்று கேட்கும். அது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். குறைந்ததைப் பட்டறைக்காரர் பில்லில் கழிப்பதா, அடுத்த லாட்டில் நேர்செய்வதா என்று கேட்கும். அதுவும் அவருக்குத்தான் தெரியும். ஒரே டீசியில் போன துணி மூன்று தவணையாகத் திரும்பினால்? பழைய பழக்கமுள்ள பட்டறைக்கு விட்டுக்கொடுக்கும் கணக்கு உண்டா? இரண்டு கேள்விக்கு ஒரு தரம் எழுந்துபோய் அவரிடம் கேட்டு வந்து அடிக்க வேண்டியிருக்கும். நாலாவது தரம் அவர், "நீங்க எந்திரிங்கண்ணா, நானே அடிச்சர்றேன்" என்று சொல்லக்கூடும். நாற்காலியை விடாதீர்கள். எடைக் குறைவே வராத ஒரு சாஃப்ட்வேரை அது எழுதிக் கொடுக்கும்வரை, தெரிந்ததை வைத்தே பதில் சொல்லிக்கொண்டிருங்கள். டெமோவில் பார்த்த பேனாக் கம்பெனிக்கு அது அப்படியே பொருந்தும்.

நாற்காலிகளை எப்படிப் போடுவது என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. பானி நார்டி என்ற அமெரிக்க மானுடவியலாளர், அலுவலகங்களில் சாதாரண ஆட்கள் கணக்குக் கட்டங்களை எப்படிச் செய்துகொள்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்து 1993இல் ஒரு புத்தகம் எழுதினார். யாரும் தனியாகச் செய்வதில்லை என்று கண்டார். ஒருவருக்குத் தொழில் தெரியும், பக்கத்தில் இருக்கும் இன்னொருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சூத்திரம் தெரியும். கேட்டுக் கேட்டுத்தான் அது வளர்கிறது. ஆகவே டீசி போடும் பெண்ணை கேட் பக்கமும், கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த மெர்ச்சண்டைசர் பையனை மேல்மாடியிலும் உட்காரவையுங்கள். இருவரும் பேசிக்கொண்டிருந்தால், "வேலை இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போங்கள்.

இத்தனையும் செய்து பார்த்து, அவருடைய கணக்கு அப்படியும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வழிகாட்டியால் உங்களுக்குப் பயனில்லை. "செரி கண்ணு, பாக்கறேன்" என்று சொன்னீர்களே, போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு, இந்த வாரமே அந்த ஃபைலை வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். எந்தக் கட்டம் எதற்கு என்று அவரையே தமிழில் ஒரு பக்கம் எழுதவைத்து, இன்னொருவரை அவர் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். ஆடிட்டரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள். சம்பளத்தைக் கூட்டுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம். திருப்பூரில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்காத தெரு இல்லை.